ஊர்ச்சனத்தின் விலை

போன விடுமுறைக்கு மருமகன் மொறட்டுவையிலிருந்து வந்திருந்தான். அக்காவின் கடைசிப் பிள்ளை, கட்டடக்கலை படிக்கிறான். வந்த அன்று பின்னேரமே சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு ஒரு பிஸ்கட் டின்னைக் கவிழ்த்துக் கொட்டினான். பெருவிரலின் மேற்கணு அளவில் மனிதர்கள். ஒருவனிடம் வாள், ஒருவனிடம் ஈட்டி, அடுத்தவனிடம் வில். தாடி வைத்த குள்ளனின் தோளில் அவனைவிடப் பெரிய கோடரி. எண்ணிப் பார்த்தேன், நாற்பத்தொரு பேர். வெறுங்கையோடு ஒருவர்கூட இல்லை.

"எல்லாம் கிடக்கு மாமா, ஊர்ச்சனம்தான் இல்ல" என்றான்.

அவனும் கூட்டாளிமாரும் விளையாடுவது 'டன்ஜன்ஸ் அன் டிராகன்ஸ்' என்ற மேசை ஆட்டம். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் அதற்குள் ஆளுக்கொரு பாத்திரமாக இறங்குவார்கள். பகடை விழுகிற எண்தான் விதி. வீரர்கள் ஓர் ஊருக்கு வருவார்கள். சத்திரக்காரர் சோறு போடுவார், கொல்லன் வாளைத் தீட்டிக் கொடுப்பான், கிணற்றடியில் ஒரு கிழவி காட்டுக்குள் நடமாடும் பூதத்தைப் பற்றிச் சொல்லுவாள். இந்தச் சத்திரக்காரருக்கும் கொல்லனுக்கும் கிழவிக்கும் மேசையில் நிற்க ஓர் உருவம் வேண்டும். அதைத்தான் அவன் மாதக்கணக்காகத் தேடிக்கொண்டிருந்தான், அதுவும் ஒரு மாணவனின் காசுக்குள்.

நான் சிரித்தேன். சிறுவயதில் எங்களிடம் இருந்தவர்கள் முழுக்க ஊர்ச்சனம். வாள்காரனைத்தான் நாங்கள் தேடித் திரிந்தோம்.

1977 வரைக்கும் எங்கள் பக்கத்துக் கடைகளில் வாங்குகிற விளையாட்டுச் சாமான் என்று பெரிதாக ஒன்றுமில்லை. நாட்டில் இறக்குமதி இறுகிக் கிடந்த காலம். நூல்கட்டையில் உருளி, சிரட்டையில் தராசு, தீப்பெட்டியில் பஸ். ஆட்கள் வேண்டுமென்றால் மண். எங்கள் ஊரான தம்பிலுவிலுக்குக் கிழக்கே கடல். அங்கே எடுக்கிற மண் கையில் நிற்காது. மேற்கே வயல். மழை விட்டபின் வரம்போரத்தில் கிண்டினால் கறுப்பாக, நெய் பூசியதுபோல ஒரு களி வரும். அதை அம்மா உமி சேர்த்துப் பிசைந்து தருவா. உமி போடாவிட்டால் காயும்போது வெடித்துவிடும் என்பது அவ சொல்லித் தந்த பாடம். வெயிலில் வைக்கக் கூடாது என்பது இரண்டாவது பாடம். கோடிப்புறத்து நிழலில், சாக்கு போட்டு, இரண்டு மூன்று நாள்.

சின்னி விரல் உயரத்தில் ஓர் ஊரையே செய்து வைத்திருந்தோம். நெல் குத்துகிறவள், குடம் தூக்குகிறவள், மாடு சாய்க்கிற பொடியன், வயிறு தள்ளிய கோயில் வண்ணக்கர், குடையோடு வயல் பார்க்கும் வட்டவிதானையார், கண்ணகி அம்மன் கோயிலில் பூசை செய்யும் கட்டாடியார். கண்ணுக்கு ஈர்க்குக் குத்து. வாய் வைப்பதில்லை, வைத்தால் எல்லோரும் அழுவதுபோல வந்துவிடும். யார் யார் என்று அடையாளம் சொல்ல எங்களுக்கு மட்டுமே தெரியும். வெளியாள் பார்த்தால் இருபது மண்கட்டி.

1977இல் ஆட்சி மாறியது. ஆண்டுக் கடைசியில் இறக்குமதி திறந்தது. ஒரு டொலருக்கு ஏறக்குறைய 16 ரூபா என்று ஆனதும் அப்போதுதான். எனக்குப் பத்து வயது, டொலரெல்லாம் தெரியாது. எனக்குத் தெரிந்தது கல்முனைக் கடைத்தெரு. பிளாஸ்டிக் சாமான்கள் கயிற்றில் கோத்துக் கடை வாசலில் தொங்கத் தொடங்கின. அடுத்த ஆண்டு திருக்கோவில் ஆடியமாவாசைத் தீர்த்தத்துக்கு வந்த கடைகளில் அதே சாமான்கள். அங்கேதான் ஐயா எனக்கு ஒரு பைக்கற் வாங்கித் தந்தார். உள்ளே பச்சை நிறப் பட்டாளம்: நின்று சுடுகிறவன், முழங்காலில் நின்று சுடுகிறவன், படுத்துச் சுடுகிறவன். இருபதோ முப்பதோ பேர், அவ்வளவு பேருக்கும் ஐந்தாறு முகந்தான்.

அதேபோன்ற மலிவுப் பைக்கற்றுகள் அமெரிக்காவில் இன்னொரு வேலை பார்த்துக்கொண்டிருந்ததைப் பிற்காலத்தில்தான் அறிந்தேன். மருமகன் விளையாடும் அந்த ஆட்டத்தை 1974இல் வெளியிட்டவர்கள் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர். ஹொங்கொங்கில் வார்த்து, பழங்கால விலங்குகள் என்று சொல்லிப் பையில் போட்டு விற்ற சில விநோத உருவங்களைக் கைகாக்ஸ் வாங்கி வந்து தன் மேசையில் நிறுத்தினார். அது என்ன விலங்கு என்று யாருக்கும் தெரியாததால் அவரே பெயரும் குணமும் கொடுத்தார். அந்த ஆட்டத்தில் இன்றுவரை உலவுகிற துரு தின்னும் பூதம், ஆந்தைத் தலைக் கரடி போன்றவை பிறந்த கதை அதுதான். பூதத்துக்கும் அன்று ஒரு கடைப்பை போதுமாக இருந்தது.

இதைவிட எனக்குப் பிடித்தது அந்த ஆட்டத்தின் முப்பாட்டன் கதை. 1969இல் மினசோட்டாவில் டேவிட் வெஸ்லி என்பவர் நெப்போலியன் காலத்துப் போர் ஆட்டம் ஒன்றை நடத்தினார். பிரவுன்ஸ்டைன் என்ற கற்பனை ஜேர்மன் நகரத்தை நோக்கிப் படைகள் வருகின்றன. விளையாட வந்தவர்கள் கூடிப்போனதால், படை கிடைக்காதவர்களுக்கு அந்த நகரத்து ஆட்களின் பாத்திரத்தைக் கொடுத்தார்: மேயர், வங்கிக்காரர், பல்கலைக்கழக வேந்தர். அன்று படைகள் மோதவேயில்லை. ஊராட்கள் ஒருவரோடொருவர் பேசி, பேரம் பேசி, சூழ்ச்சி செய்தே இரவு போயிற்று. ஆட்டம் குழம்பிப்போனதென்று வெஸ்லி நினைத்தார். ஆடியவர்களோ இன்னொரு முறை வேண்டும் என்றார்கள். அங்கே ஆடியவர்களில் ஒருவர் ஆர்னசன். ஆக, இந்த ஆட்டத்தின் வேரில் நிற்பவர்கள் வெறுங்கை ஊர்ச்சனம். பிறகு எப்படியோ அவர்களுக்குத்தான் உருவம் கிடைக்காமல் போயிற்று.

காரணம் அச்சில் இருக்கிறது. பிளாஸ்டிக் வார்க்க இரும்பில் அச்சு வெட்ட வேண்டும். அதற்குப் பெருங்காசு போகும். ஆயிரக்கணக்கில் விற்றால்தான் போட்ட காசு திரும்பும். ஒரு படைக்கு நாற்பது வாள்வீரர் வேண்டும். வாங்குகிறவன் இன்னும் நாற்பது கேட்பான். ஓர் ஊருக்கு ஒரு கொல்லன் போதும். ஆகவே வீரன் இரும்பு அச்சில் கூட்டமாகப் பிறந்தான். கொல்லன் றப்பர் அச்சில், உருக்கிய உலோகத்தில், ஒவ்வொருவனாக வார்க்கப்பட்டான். வீரனுக்குப் பெட்டி விலை, கொல்லனுக்குத் தலைக்கு விலை. கையில் ஒன்றும் இல்லாதவன் விலை கூடியவன் ஆனது இப்படித்தான்.

இந்தக் கணக்கு ஒருமுறை தலைகீழானதும் உண்டு. பிரிட்டன்ஸ் என்ற இங்கிலாந்துக் கொம்பனி 1893 முதல் உள்ளே பொள்ளலான ஈயச் சிப்பாய்களை வார்த்துப் பேரெடுத்தது. முதலாம் உலகப் போர் முடிந்தபின் பிள்ளைகளுக்குச் சிப்பாய் வாங்கிக் கொடுக்கப் பெற்றோருக்கு மனம் வரவில்லை. 1920களின் தொடக்கத்தில் அதே கொம்பனி பண்ணை வரிசை ஒன்றை இறக்கியது. உழவன், பால் கறப்பவள், கோழி, பன்றி, வேலி. அதுவும் நன்றாகவே விற்றது. பெரும் அழிவைப் பார்த்த சனம் கொஞ்சக் காலம் பசுமாட்டை விரும்பியிருக்கிறது.

எங்கள் மண் ஊர் 1978 நொவம்பர் 23 வரைதான் இருந்தது. அன்றிரவு மட்டக்களப்பிலிருந்து எங்கள் கரைவரை புயல் அடித்தது. கூரை போயிற்று, தென்னைகள் ஒரே பக்கமாகப் படுத்தன. பெரியவர்கள் ஆட்களை எண்ணிக்கொண்டிருந்தபோது நான் என் ஆட்களைத் தேடினேன். பனையோலைப் பெட்டி இருந்தது. உள்ளே வண்ணக்கர், விதானையார், குடம் தூக்கியவள் எல்லோரும் கரைந்து ஒரே மண்கட்டி. உமி மட்டும் மேலே தெரிந்தது. இரண்டு நாள் கழித்துத் தங்கச்சி மணலுக்குள்ளிருந்து என் பச்சைச் சிப்பாய்களைப் பொறுக்கி வந்தாள். ஒருவனுக்கும் ஒரு சேதமும் இல்லை. படுத்துச் சுடுகிறவன் அப்போதும் படுத்துச் சுட்டுக்கொண்டிருந்தான்.

பிறகு களி எடுக்கப் போகவில்லை. வயது போனது ஒரு காரணம். இன்னொன்று, சில ஆண்டுகளில் நிசமான துவக்குகள் தெருவுக்கு வந்துவிட்டன. எந்தச் சந்தியிலும் யாரோ ஒருவர் ஆயுதத்தோடு நின்றார். நிற்கிற ஆள் மட்டும் மாறிக்கொண்டிருந்தார். அந்த நாளில் வயலுக்குப் போகிறவர்கள் இடுப்பில் செருகிய தாக்கத்தியைக் காட்டி, இது அறுவடைக்கு, இது அறுவடைக்கு என்று விளங்கப்படுத்தியதைக் கண்டிருக்கிறேன். மருமகனின் விதிப்புத்தகத்திலும் தாக்கத்தி ஆயுதப் பட்டியலில் இருக்கிறது, ஊன்றுகோலும் இருக்கிறது. அதைப் படித்துக் காட்டியபோது நான் ஒன்றும் சொல்லவில்லை.

அவனோடு சேர்ந்து நானும் தேடத் தொடங்கினேன். ஓய்வுபெற்றவனுக்கு வேறென்ன வேலை? அக்கரைப்பற்றில் இரண்டு கடை ஏறி இறங்கி, பஸ் பிடித்துக் கல்முனைக்குப் போனோம். பெருநாள் நெருங்கிய நாட்கள். விளையாட்டுச் சாமான் கடைகள் நிரம்பி வழிந்தன. தலையாட்டும் நாய், பாட்டுப் பாடும் கார், தண்ணீர் பீச்சும் துவக்கு. ஒரு கடையில் தேடிய பைக்கற் அகப்பட்டது: நாற்பத்தேழு ஆண்டு கழிந்தும் அதே பச்சை, அதே முழங்கால், அதே படுத்த நிலை.

"காக்கா, இப்பிடிச் சின்னதாக் கமக்காரன், மீன்காரன், பொம்பிளையள், இந்த மாதிரி ஒண்டும் இல்லையா?" என்று கேட்டேன்.

கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மாஸ்டர், ஆமிக்காரன் ஓடும், ஸ்பைடர்மேன் ஓடும். சும்மா நிக்கிற ஆள ஆரு வாங்குற?"

அவர் சொன்னதில் பிழையில்லை. அச்சுக்காரர்களின் கணக்கை அவர் ஒரே வசனத்தில் சொல்லிவிட்டார்.

தமிழ்நாட்டில் அந்தச் சும்மா நிற்கிற ஆளை வாங்குகிறவர்கள் உண்டு. நவராத்திரிக் கொலுவில் சாமிகளுக்குக் கீழ்ப்படிகளில் நிற்பவர்கள் எல்லாம் ஊர்ச்சனந்தான். பலசரக்கை முன்னால் பரப்பிய செட்டியாரும் ஆச்சியும், கல்யாண செட், கிராம செட், பள்ளிக்கூட செட். மதுரைக்குப் பக்கத்து விளாச்சேரி, பண்ருட்டி, காஞ்சிபுரம் போன்ற இடங்களில் களிமண்ணிலும் காகிதக் கூழிலும் தலைமுறையாகச் செய்கிறார்கள். உலகத்தில் ஆயுதமில்லாத குட்டி மனிதர்களுக்கு இவ்வளவு பெரிய சந்தை வேறு எங்கும் இருக்குமா என்பது எனக்குச் சந்தேகம். மருமகனிடம் சொன்னேன். அவன் உள்ளங்கையை விரித்து அளவைக் காட்டினான். அவனுடைய வீரர்கள் 28 மில்லிமீற்றர்; ஓர் அங்குலத்துக்குச் சற்றுக் கூட. கொலுச் செட்டியார் உட்கார்ந்தபடியே அவர்களைவிடப் பல மடங்கு. பூதத்துக்குப் பதிலாகச் செட்டியாரை வேண்டுமானால் வைக்கலாம் என்றான்.

அவனுடைய படிப்புத்தான் அடுத்த வழியைக் காட்டியது. கட்டடக்கலைப் பிள்ளைகள் அட்டையில் கட்டிடம் செய்து, பக்கத்தில் ஆட்களை நிறுத்துவார்கள். கட்டிடத்தின் உயரம் கண்ணுக்குப் பிடிபட அது வேண்டும். சீனாவிலிருந்து நூறு பேர் கொண்ட பையாக வருகிற ஆட்கள். பொம்மை ரயில் நிலையங்களுக்கும் அவர்களே பயணிகள். நடக்கிறவர், நிற்கிறவர், கதிரையில் இருப்பவர். ஒருவரிடமும் ஆயுதம் இல்லை. சிலரிடம் கைப்பை மட்டும் உண்டு. விலையும் மலிவு. அளவில்தான் சிக்கல். 87இல் ஒரு பங்காகச் செய்த ஆள் 20 மில்லிமீற்றர்கூட வரமாட்டார். வீரனின் நெஞ்சுக்கு நிற்பார். 50இல் ஒரு பங்கு என்றால் 34. வீரனைக் குனிந்து பார்ப்பார். 64இல் ஒரு பங்கு ஏறக்குறையப் பொருந்துகிறது. அதில் ஒரு பை எடுத்து, கோட்டுப் போட்டவர்களின் இடுப்பில் ரிசுப் பேப்பரும் பசையும் வைத்துச் சாரம் கட்டிவிட்டான். வர்ணம் பூசினால் மூன்றடி தூரத்தில் மீன்சந்தைதான். கிட்டப் போனால் சாரத்துக்குக் கீழே சப்பாத்து.

வெளியூர்க் கொம்பனிகளும் இப்போது இறங்கி வந்திருக்கின்றன என்பதைச் சொல்ல வேண்டும். டெக்சாஸிலுள்ள ரீப்பர் 2012இல் 'போன்ஸ்' என்ற வெள்ளைப் பிளாஸ்டிக் வரிசைக்குப் பொதுமக்களிடம் முன்பணம் திரட்டியபோது 34 லட்சம் டொலருக்கு மேல் சேர்ந்தது. அவர்களுடைய சரக்கில் ஊராட்களும் இருக்கிறார்கள். ஆனால் 2022 தொடக்கத்தில் 200 ரூபாவாக இருந்த டொலர் சில மாதத்தில் 360ஐத் தொட்டது; அதன்பிறகும் 300ஐ ஒட்டித்தான் நின்றது. அங்கிருந்து ஒரு சத்திரக்காரரைத் தபாலில் அழைப்பித்தால் அவருடைய பயணச் செலவில் நிசமான சத்திரத்தில் நாலு பேர் சாப்பிடலாம்.

கடைசியில் அவனே உருவங்களை வார்க்கிற ஒரு முப்பரிமாணப் பிரின்டரைக் கொண்டு வந்தான். கூட்டாளிமார் சேர்ந்து இரண்டாங்கையாக வாங்கியது. அரிசிச் சாடி அளவு. தொட்டியில் பிசின், அடியில் ஊதா ஒளி. ஒளி பட்ட இடம் இறுகும், தட்டு மயிரிழை உயரும், மறுபடி ஒளி. ஓர் அடுக்கு 0.05 மில்லிமீற்றர். 28 மில்லிமீற்றர் ஆளுக்கு 560 அடுக்கு. இதில் ஒரு விசேடம்: நேரம் உயரத்தைப் பொறுத்தது, ஆட்தொகையைப் பொறுத்ததல்ல. ஒரு கிழவி வளர எடுக்கிற நேரத்தில் தட்டு நிறைய ஊர் வளரும். அச்சு வெட்டத் தேவையில்லாததால் முதல் ஆளுக்கும் நூறாவது ஆளுக்கும் ஒரே செலவு. கொல்லனும் வாள்வீரனும் சரி விலைக்கு வந்துவிட்டார்கள். நூறாண்டுக் கணக்கு எங்கள் சாமான் அறையில், வாய்க்குத் துணி கட்டிக்கொண்டு நின்ற ஒரு பொடியனால் முடிந்தது.

முதல் முறை பாதியில் கரண்ட் போனது. இடுப்புவரை வளர்ந்த பன்னிரண்டு பேர், கால்கள் மட்டும், தலைகீழாகத் தொங்கினார்கள். இரண்டாம் முறை சரி.

இணையத்தில் கிடைக்கும் உருவங்களில் பெண்களுக்கு முக்காட்டுத் தொப்பி, ஆண்களுக்குப் பியர்க் குவளை. அவன் கொம்பியூட்டரில் இரண்டு இரவு குந்தியிருந்து குவளையைக் குடமாக்கினான். தொப்பியை எடுத்துக் கொண்டை போட்டான். சேலை மடிப்புக்கு அக்காவை எழுப்பி நிறுத்திப் பார்த்து வரைந்தான். இடுப்பில் குடத்தோடு ஒருத்தி, கூடையோடு மீன்காரர், வெறும் மேலோடு துண்டு போட்ட ஒருவர், பிள்ளையைத் தூக்கிய தாய். மண்வெட்டிக்காரரைச் செய்வதா என்று பெரிய யோசனை. செய்யவில்லை.

பிசின் ஆட்களைக் கழுவி எடுத்தபின் முழுதாக இறுகுவதற்கு மறுபடி ஊதா ஒளி காட்ட வேண்டும். அதற்கென்று விளக்குப் பெட்டி விற்கிறார்கள். எங்களுக்கு எதற்கு? முற்றத்தில் தட்டை வைத்தான். தம்பிலுவில் வெயில் சில நிமிடத்தில் வேலையை முடித்தது. அம்மா திண்ணையிலிருந்து, "வெயிலுக்க வெக்காத மனே, வெடிச்சிரும்" என்றா. எண்பத்தாறு வயதில் அவவுக்கு அந்த இரண்டாவது பாடம் மட்டும் மறக்கவில்லை. "இது வெடிக்காது அம்மம்மா, இதுக்கு வெயில் வேணும்" என்று அவன் சொன்னதை அவ நம்பியதாகத் தெரியவில்லை.

இவர்களுக்கு வாய் இருக்கிறது. பூதக்கண்ணாடியில் பார்த்தால் மீன்காரரின் நெற்றிச் சுருக்கம்கூடத் தெரியும். விழுந்தால் கை உடைவதைத் தவிர, மழையோ கடலோ இவர்களைக் கரைக்காது. என் ஊரில் இருந்தவர்களுக்கு முகம் இல்லை. ஆனால் ஒவ்வொருவரிலும் அம்மாவின் பெருவிரல் ரேகை இருந்தது, முதுகுப் பக்கம், அமத்திய இடத்தில். அதை அன்று நான் கவனித்ததில்லை. இருபது மண்கட்டியை வைத்து இன்ன ஆள் இவர்தான் என்று அடித்துச் சொல்ல முடிந்தது. இப்போது இவ்வளவு துல்லியமான முகத்தைப் பார்த்து இது யார் என்று கேட்டால், மருமகன் "வில்லேஜர் நாலு" என்கிறான்.

அன்றிரவு மேசையில் ஊரை அமைத்தார்கள். பக்கத்து வீட்டுப் பொடியன்கள் மூன்று பேர் வந்திருந்தார்கள். தீப்பெட்டிகளில் வீடு, சவர்க்காரப் பெட்டியில் கோயில், வாசல் வெட்டி வைத்தது. தெருவில் பன்னிரண்டு பேர். நாற்பத்தொரு வீரரும் ஒரு பக்கம். மேசையின் மறு ஓரத்தில் பூதம் இறங்கியது. பகடை உருளத் தொடங்கியது, சத்தம் கூடியது.

அம்மா கதிரையை இழுத்துக்கொண்டு வந்து மேசையோரம் இருந்தா. கொஞ்ச நேரம் பார்த்தா.

"இதுகள் ஏன் தெருவுல நிக்குதுகள்?"

"சனம் அம்மம்மா. சும்மா நிக்கிற ஆக்கள்."

"சண்டை நடக்குதெண்டாய்?"

"ஓம்."

அவ வேறொன்றும் கேட்கவில்லை. கையை நீட்டிக் குடத்துக்காரியை எடுத்துச் சவர்க்காரப் பெட்டிக் கோயிலுக்குள் வைத்தா. பிறகு பிள்ளையைத் தூக்கிய தாயை. பிறகு மீன்காரரை, கூடை தட்டாமல் பக்கவாட்டில் திருப்பி. விதிப்படி அவர்கள் அசைய இன்னும் முறை வரவில்லை என்று ஒரு பொடியன் சொல்ல வாயெடுத்தான். மருமகன் அவன் தொடையில் தட்டினான். பகடையைக் கையில் வைத்துக்கொண்டு எல்லோரும் காத்திருந்தார்கள். பெட்டி பதினொரு பேரோடு நிரம்பிவிட்டது. பன்னிரண்டாவது ஆள், துண்டு போட்டவர், எந்தப் பக்கம் திருப்பியும் நுழையவில்லை. அம்மா அவரை உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டு, "இனி விளையாடுங்க" என்றா.